‘இயற்கையின் சீற்றம்’ என்னும் பொய்ச்சொல்

மலேசியாவில் எந்த ஆறு கரை கடந்தாலும், எந்த மலைச்சரிவு பெயர்ந்து விழுந்தாலும், தமிழ்ப்பள்ளி மாணவரின் கட்டுரை ஏட்டில் சீறுகின்றவள் ஒருத்தியே. அவள் இயற்கை அன்னை. ‘இயற்கை அன்னை சீற்றங்கொண்டாள்’ என்று தொடங்கி, ‘வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது’ என்று வளர்ந்து, ‘விதியை யாரால் வெல்ல முடியும்?’ என்று முடிகின்ற அந்தக் கட்டுரை பத்தாண்டுக்கு முன்பும் எழுதப்பட்டது. முப்பதாண்டுக்கு முன்பும் எழுதப்பட்டது. ஊரின் பெயரையும் ஆண்டையும் மாற்றிவிட்டால் இன்றைக்கும் அதுவே போதும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. அத்தேர்வுக்கென்று படியெடுத்து வழங்கப்பட்ட அழகுத் தொடர்களின் பட்டியல் மட்டும் நீங்கியபாடில்லை.

இது மாணவர் குற்றமன்று. மாணவர் தாம் கேட்டதைத்தான் எழுதுகின்றனர். பேரழிவு ஒன்று நேர்ந்தவுடன் சங்கக் கூட்டத்தில் ஒரு நிமிட மௌனத்திற்குப் பின் எழுந்து பேசும் பெரியோர் என்ன பேசுகின்றனர்? ஞாயிறு மலரில் வெளிவரும் இரங்கற் கவிதைகள் என்ன பாடுகின்றன? ஆலய மண்டபத்தில் மோட்ச தீபம் ஏற்றும்போது ஒலிபெருக்கி என்ன சொல்கிறது? எல்லாம் ஒன்றே. இயற்கை சீறியது, விதி முந்திக்கொண்டது, இறைவன் அழைத்துக்கொண்டான், எஞ்சியோர் கண்ணீர் வடிக்கின்றனர். சொல்பவர் நெஞ்சில் ஈரம் இல்லை என்று இங்கு வாதிட வரவில்லை. ஈரம் உண்டு. அந்த ஈரம் எந்தக் கேள்வியை நனைத்து அழித்துவிடுகிறது என்பதே வாதம்.

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் முனையில், தமிழர் நாள்தோறும் நடமாடும் வட்டாரத்தில், ஆறு மாடிக் கட்டடம் ஒன்று நின்றது. 1971இல் எழுந்த கட்டடம் அது. கீழே வங்கி, மேலே நியூ வோர்ல்டு விடுதி. 1986 மார்ச் 15ஆம் நாள் முற்பகலில் ஒரு நிமிடத்திற்குள் அக்கட்டடம் கற்குவியலாயிற்று. 33 பேர் மாண்டனர். 17 பேர் இடிபாட்டிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டனர். இடிந்த இடத்தைச் சுற்றிக் கூடிய மக்களிடையே பேச்சுக்குக் குறைவில்லை. எரிவாயு வெடித்தது என்றனர் சிலர். குண்டு வைத்துவிட்டனர் என்றனர் சிலர். அந்நாளில் நடந்துகொண்டிருந்த பெருவிரைவு இரயிலின் சுரங்க வேலையே காரணம் என்றனர் வேறு சிலர். காலம் முடிந்தவர் போய்ச் சேர்ந்தனர் என்று பெருமூச்செறிந்தோரும் இருந்திருப்பர்.

விசாரணைக் குழு கண்டறிந்ததோ வேறு. கட்டடத்தை வடிவமைத்தவர் போட்ட கணக்கில், கட்டடத்தின் சொந்த எடை சேர்க்கப்படவே இல்லை. உள்ளே வந்து போகும் மனிதர், மேசை, நாற்காலி ஆகியவற்றின் சுமை கணக்கில் இருந்தது. சுவர், தளம், தூண் ஆகியவை தம்மைத் தாமே தாங்கவேண்டிய பெருஞ்சுமை கணக்கில் இல்லை. பின்னாளில் ஏற்றிய குளிரூட்டும் பொறிகளும் பிற சுமைகளும் முடிவை விரைவுபடுத்தியிருக்கலாம். ஆனால் அந்தத் தூண்கள் தொடக்கத்திலேயே தோற்றுவிட்டவை. பதினைந்து ஆண்டுகள் அவை நின்றதுதான் வியப்பு. மூன்றாம் ஆண்டு மாணவன் கூட்டலில் ஓர் எண்ணை விட்டுவிட்டால் ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிடுகிறார். அங்கே விட்டுப்போன எண்ணை வட்டமிட எவரும் இல்லை. அதனால்தான் சிங்கப்பூர் அரசு 1989இல் கட்டடச் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் போட்ட கணக்கை அவரோடு தொடர்பற்ற இன்னொரு பொறியாளர் சரிபார்க்கவேண்டும் என்று விதித்தது. அன்று எல்லாரும் ‘விதி’ என்று அமைதியடைந்திருந்தால் அந்தச் சட்டம் பிறந்திருக்குமா?

கோலாலம்பூரை ஒட்டிய உலுகிள்ளானில் நடந்தது இதைவிடக் கொடியது. மலையடிவாரத்தில் நின்ற ஹைலண்ட் டவர்ஸ் என்னும் மூன்று பன்னிரண்டு மாடிக் கட்டடங்களுள் ஒன்று, 1993 டிசம்பர் 11ஆம் நாள், பல நாள் மழைக்குப் பின் சாய்ந்து விழுந்தது. 48 பேர் மாண்டனர். அந்நாளில் மலேசியர் வாயில் வந்த முதற்சொல் மழை. மழை மலேசியாவுக்குப் புதிதா? அதே மழை அதே நாளில் ஆயிரம் கூரைகள்மீது பெய்தது, விழுந்தது ஒன்று. ஏன் விழுந்தது என்று நீதிமன்றம் ஏறிக் கேட்டவர்கள், விழாமல் நின்ற மற்ற இரு கட்டடங்களின் குடியிருப்பாளர்கள். 2000ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் கூறிய தீர்ப்பில் இயற்கை அன்னையின் பெயர் குற்றவாளிக் கூண்டில் இல்லை. பின்புற மலையில் எழுப்பிய தடுப்புச் சுவர்கள் உறுதியற்றவை. மலையிலிருந்து இறங்கும் நீருக்கு முறையான வடிகால் இல்லை. ஓடையின் போக்கைத் திருப்பிவிட்டுக் குழாயை நம்பியிருந்தனர். கட்டியவர், வரைந்தவர், கணக்கிட்டவர், அண்டை நிலத்துக்குரியவர், மேற்பார்க்க வேண்டிய உள்ளாட்சி மன்றம் எனப் பலர்மீதும் அத்தீர்ப்பு பொறுப்பைச் சுமத்தியது. 2006இல் கூட்டரசு நீதிமன்றம், 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் ஒரு பிரிவைக் காட்டி, உள்ளாட்சி மன்றத்தை அப்பொறுப்பிலிருந்து விடுவித்தது. மக்களின் உயிரைப் பற்றிய அந்தத் தீர்ப்பை எத்தனை தமிழ்ச் சங்கங்கள் தம் கூட்டத்தில் எடுத்துப் பேசின? எத்தனை பட்டிமன்றங்கள் அதைத் தலைப்பாக்கின? கற்பில் சிறந்தவள் கண்ணகியா மாதவியா என்னும் தலைப்புக்கு மட்டும் ஆண்டுதோறும் மேடை கிடைக்கிறது.

பொதுமக்கள் அக்கட்டடங்களைப் பற்றிப் பேசாமல் இருந்துவிடவில்லை. பேசினர். என்ன பேசினர் என்பதுதான் வெட்கக்கேடு. ஆண்டுக்கணக்கில் பாழடைந்து நின்ற இரு கட்டடங்களும் பேய் உலாவும் இடமாகப் பெயர்பெற்றன. இரவில் இளைஞர் கூட்டம் கைவிளக்கோடு அங்குப் பேயைத் தேடிப் போயிற்று. 48 பேர் வடிகாலின்றி மாண்ட இடத்தில் வடிகாலைத் தேடவேண்டிய கண்கள் ஆவியைத் தேடின. இந்தப் பேய்க்கதை விதிக்கதையின் தங்கை. பொறுப்பை மனிதன் தோளிலிருந்து இறக்கி, கண்ணுக்குத் தெரியாத ஒன்றன் தோளில் ஏற்றிவைக்கும் வேலையையே இரண்டும் செய்கின்றன.

மற்றவற்றை விரிக்க வேண்டியதில்லை. 1988 ஜூலை 31ஆம் நாள், இரு சமயத்தாரின் விழாக்கள் ஒருங்கே வந்ததால் கூட்டம் நெரிந்த பட்டர்வொர்த் படகுத்துறையின் மேல்தளம் இடிந்து 32 பேர் மாண்டனர். 1991 மே 7ஆம் நாள் சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டனர். அங்கே சீறியது எந்த இயற்கை? தளத்தின் வலிமைக்கு மிஞ்சிய கூட்டமும், குடியிருப்பை ஒட்டி அடுக்கிவைத்த வெடிமருந்துமே சீறின. தொழிலிடப் பாதுகாப்பைப் பற்றிய 1994ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு அந்தப் பட்டாசுத் தீயும் ஒரு தூண்டுதல் என்பதைத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப்பள்ளிகளிலேனும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

இவையெல்லாம் மனிதன் கட்டிய பொருள்கள் இடிந்ததாலும் வெடித்ததாலும் நேர்ந்தவை. வெள்ளம் அப்படியா என்று ஒருவர் கேட்கலாம். கேட்கட்டும். 2021 டிசம்பர் 18ஆம் நாள் சிலாங்கூரில் பெருமழை கொட்டியது. ஷா ஆலம் ஸ்ரீமூடா குடியிருப்பில் மக்கள் கூரைமீது ஏறி நின்று உதவிக்குக் குரல் கொடுத்தனர். நாடு முழுதும் அம்முறை மாண்டவர் ஐம்பதுக்கும் மேற்பட்டோர். ஒரு மாதத்திற்குரிய மழை ஒரே நாளில் பெய்துவிட்டது என்றும், இது நூறாண்டுக்கு ஒருமுறை நேர்வது என்றும் அதிகாரிகள் கூறினர். மக்களும் அதை அப்படியே ஏற்றுத் திருப்பிச் சொல்லத் தொடங்கினர். நூறாண்டு என்பது நல்ல சொல். அதைக் கேட்டவுடன் மனம் ஆறிவிடுகிறது; இன்னொரு நூறாண்டுக்கு அச்சமில்லை என்று தோன்றிவிடுகிறது. ஆனால் கிள்ளான் ஆற்றுப் படுகையின் நினைவு அவ்வளவு நீண்ட இடைவெளிகளைக் காட்டவில்லை. 1926இல் அந்த ஆறு கோலாலம்பூரை மூழ்கடித்தது. 1971 ஜனவரியில் மீண்டும் மூழ்கடித்து 32 உயிர்களைக் கொண்டது. பிறகு 2021. தொண்ணூற்றைந்து ஆண்டுகளில் பெருவெள்ளம் மூன்று. இடையில் வந்துபோன சிறுவெள்ளங்கள் கணக்கில் இல்லை.

மழையை நிறுத்த எவராலும் இயலாது. ஆனால் ஸ்ரீமூடா கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாழ்நிலம் என்பது மழை பெய்த அன்று திடீரென்று தெரியவந்த செய்தியா? தாழ்நிலத்தில் வீடு கட்ட ஒப்புதல் அளித்தது மேகமா? ஆற்றோரத்து இரப்பர்க் காட்டையும் செம்பனைக் காட்டையும் அழித்துத் தார்ச்சாலையும் சிமெண்டுத் தரையும் போட்டால், முன்பு மண் குடித்த நீரெல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்காலுக்கு ஓடும். இதை அறிவியல் பாடத்தில் படிக்கும் மாணவனே தமிழ்ப் பாடத்தில் ‘இயற்கை அன்னை சீறினாள்’ என்று எழுதுகிறான். ஒரே பையில் இரண்டு ஏடுகள். ஓர் ஏடு மற்றோர் ஏட்டைப் பொய்யாக்குகிறது. இரண்டையும் திருத்தும் ஆசிரியர்களுக்கு இதில் உறுத்தலே இல்லை.

இதனால் இரக்கமே வேண்டாம் என்பது பொருளன்று. அந்த 2021ஆம் ஆண்டு வெள்ளத்தில் மலேசியர் காட்டிய ஒற்றுமை வரலாற்றில் எழுதத்தக்கது. பெட்டாலிங் ஜெயா சீக்கியக் கோவிலில் இரவு பகலாக அடுப்பு எரிந்தது. இனம் சமயம் பாராமல் மக்கள் வந்து காய் நறுக்கினர், பொட்டலம் கட்டினர். படகு வைத்திருந்தவர் படகோடு வந்தனர். யார் வரச் சொன்னார்? எவரும் சொல்லவில்லை. அந்தக் கைகளை எவர் குறைகூற முடியும்?

குறைகூறத்தக்கது வேறொன்று உண்டு. துயரம் நேர்ந்த மூன்றாம் நாள் பலகை அளவுக்கு அச்சடித்த மாதிரிக் காசோலை ஒன்று மேடைக்கு வரும். அதை ஐந்து பேர் ஒரு பக்கமும் ஐந்து பேர் மறுபக்கமும் பிடித்துக்கொள்வர். வீட்டை இழந்த மூதாட்டி நடுவில் நிறுத்தப்படுவார். அவர் முகம் காசோலையின் மேல்விளிம்புக்கு மேலே பாதிதான் தெரியும். மறுநாள் நாளிதழில் படம். கொடுத்தவர் பெயர்கள் அனைத்தும் பட்டத்தோடு அச்சாகியிருக்கும். மூதாட்டியின் பெயர் இருக்காது. கொடுப்பது குற்றமன்று, கொடுத்ததோடு கடன் தீர்ந்தது என்று கையைக் கழுவுவதே குற்றம். பழந்துணி கொடுப்பதும் இவ்வகையே. 2004இல் கடற்கோள் நேர்ந்தபோது நாகப்பட்டினத்திற்கு ஊர் ஊராகத் துணி அனுப்பினர். உடுத்தத் தகாத கந்தல்கள் அங்குச் சாலையோரத்தில் மலையாகக் குவிந்தன. எல்லாம் இழந்தும் மானம் இழக்காத மீனவ மக்கள் அவற்றைத் தொடவில்லை. அத்துணிகளை அனுப்பியவருக்குத் தம் அலமாரி காலியானதும் மனமும் இலேசாகிவிட்டது. இரக்கம் என்பது கொடுப்பவரின் மனபாரத்தை இறக்கும் கருவியாகிவிட்டால், வாங்குபவரின் பாரம் அப்படியே கிடக்கும்.

‘இழவு வீட்டில் கணக்குக் கேட்பதா?’ என்று சினப்போர் உண்டு. பண்பாடு தெரிந்தவர் அழுகின்ற வேளையில் குற்றம் தேடமாட்டார் என்பது அவர் வாதம். இவ்வாதம் கேட்பதற்கு இனிது. ஆனால் அழுது முடித்த பிறகேனும் இவர்கள் கணக்குக் கேட்டதுண்டா? பத்தாம் நாள் காரியம் முடியும். நாற்பதாம் நாள் நினைவு நடக்கும். ஓராண்டு நினைவு நாளில் மறுபடி மெழுகுவத்தி. கணக்குக் கேட்கும் நாள் எந்தப் பஞ்சாங்கத்திலும் வருவதில்லை. 2022 டிசம்பர் 16ஆம் நாள் பின்னிரவில் பத்தாங்காலியில் மண்சரிந்து, விடுமுறைக்கு முகாமிட்டு உறங்கியவருள் 31 பேர் புதையுண்டனர். அவருள் ஆசிரியர்களும் அவர்தம் குடும்பத்தினரும் இருந்தனர். முகாம் நடத்துவதற்கு உரிமம் பெறாத இடம் அது என்று அதிகாரிகள் பின்னர் அறிவித்தனர். வாரந்தோறும் மக்கள் வந்து தங்கிய இடத்திற்கு உரிமம் இல்லை என்பது மக்கள் மாண்ட பிறகா தெரியவேண்டும்? இதைக் கேட்பது மாண்டோருக்குச் செய்யும் அவமதிப்பா? கேளாமல் விடுவதன்றோ அவமதிப்பு! மழைக்காலத்தில் இவர்கள் ஏன் அங்குப் போனார்கள் என்று புதையுண்டவரையே குறைசொன்ன நாக்குகளும் உண்டு. உரிமத்தைப் பற்றி வாய்திறவாத நாக்குகள் அவை.

விதியைச் சொல்லித் தப்பிக்க நினைப்போர் தமிழிலக்கியத்தைத் துணைக்கழைப்பது வழக்கம். இலக்கியம் அவருக்குத் துணைநிற்கவில்லை. சிலப்பதிகாரம் ஊழ்வினையைப் பேசும் காப்பியம்தான். ஆயினும் ஊழைப் பற்றிச் சொல்லும் அதே பதிகம், அதற்கு முன்பாகவே, ஆட்சியில் தவறியவனுக்கு அறமே எமனாகும் என்று நிறுத்திவிடுகிறது. கணவன் கொலையுண்ட செய்தி கேட்ட கண்ணகி, ஊழ் என்று முக்காடிட்டு மூலையில் அமரவில்லை. கையில் சிலம்பை ஏந்தி அரண்மனை வாயிலுக்குப் போனாள். வழக்குரைத்தாள். சான்று காட்டினாள். உன் சிலம்பின் பரல் என்ன, என் சிலம்பின் பரல் என்ன என்று உடைத்துக் காட்டினாள். உலகில் இதற்கு மேலான விசாரணை ஆணையம் உண்டா? அந்தக் கண்ணகிக்குச் சிலை எடுத்த சமுதாயம், அவள் கேட்டதுபோல் ஒரு கேள்வி கேட்பவரை ‘நேரங்காலம் தெரியாதவர்’ என்கிறது.

மணிமேகலையில் காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொள்கிறது. ஏன் கொண்டது? இந்திரவிழாவை அரசன் மறந்தான். அதனால் கொண்டது என்கிறது காப்பியம். அந்தக் காரணம் இன்று ஏற்கத்தக்கதன்று. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அப்புலவர் காரணத்தைத் தேடினார். பொறுப்பை அரசன் தலையில் வைத்தார். சும்மா சீறியது என்று கடலைப் பழித்துவிட்டு ஏட்டை மூடவில்லை. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்து, சோர்வின்றி முயல்வோரிடம் ஊழும் தோற்கும் என்று துணிந்து கூறினார். முதல் அதிகாரத்தை மனப்பாடம் செய்வித்து, இரண்டாம் அதிகாரத்தைத் தேர்வுக்கு வராது என்று விட்டுவிட்டால் வள்ளுவர் என்ன செய்வார்?

மனிதன் தடுக்கவே இயலாத அழிவும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை சுமத்திராவுக்கு மேற்கே கடலடி நிலம் அதிர்ந்து எழுந்த அலை அத்தகையது. அதை எவரும் உண்டாக்கவில்லை. அலை இயற்கை, சாவின் தொகையோ முழுதும் இயற்கையன்று. இதற்குச் சான்று சிமெலுவே என்னும் தீவு. நிலநடுக்கம் தோன்றிய இடத்திற்கு மிக அருகில் இருப்பது அத்தீவு. ஏறத்தாழ 78,000 மக்கள் அங்கு வாழ்ந்தனர். பத்து நிமிட அளவில் அலை கரையேறியது. எந்தக் கருவியின் எச்சரிக்கையும் அதற்குள் வந்து சேராது. அருகிலுள்ள ஆச்சே பெருநிலத்தில் மாண்டவர் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர். சிமெலுவேயில் மாண்டவர் 7 பேர்.

காரணம் ஒரு சொல். 1907இல் அத்தீவைக் கடல் விழுங்கியது. எஞ்சிப் பிழைத்தவர் அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டு, கதையாகவும் பாட்டாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தனர். அக்கதையில் அழுகை மட்டுமில்லை, அறிவுரை இருந்தது. நிலம் வலுவாக ஆடினால் ஒன்று. பின்னர்க் கடல் உள்வாங்கினால் இரண்டு. உடனே மேட்டுக்கு ஓடு, எதையும் எடுக்க நிற்காதே என்பது மூன்று. தொண்ணூற்றேழு ஆண்டுகள் கழித்து நிலம் ஆடியபோது, 1907ஐக் கண்ணால் காணாத மக்கள் ‘ஸ்மோங், ஸ்மோங்’ என்று கூவிக்கொண்டு குன்றேறினர். அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில், பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி ஒருத்தி கடல்நீர் நுரைத்து வரும் தோற்றத்தைக் கண்டு, இரண்டு வாரத்திற்கு முன் பள்ளியில் புவியியல் ஆசிரியர் நடத்திய பாடத்தை நினைவுகூர்ந்து, பெற்றோரிடம் கூறி, அக்கரையிலிருந்தோரை வெளியேறச் செய்தாள். அங்கு எவரும் மாளவில்லை. மற்றக் கரைகளில், கடல் உள்வாங்கிய வியப்பைக் காணவும் துள்ளிய மீனைப் பொறுக்கவும் மக்கள் இறங்கிப் போயினர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மாண்டவர் ஏறத்தாழ 6,000 பேர். மலேசியாவில் மாண்டவர் 68 பேர், பினாங்கில்தான் மிகுதி.

இந்த இடத்தில் தமிழாசிரியர் சற்று நின்று நினைக்கவேண்டும். சிமெலுவே மக்களிடம் இருந்தது பொறியன்று, பணமன்று, மொழி. வாய்மொழி இலக்கியம். தமிழரிடம் அது இல்லையா? தாலாட்டும் ஒப்பாரியும் தமிழரைப்போல் பாடியவர் யார்? அந்தக் கடற்கோளுக்குப் பின் மலேசியத் தமிழ் ஏடுகளிலும் தமிழ்நாட்டு ஏடுகளிலும் வந்த கவிதைகளுக்கு அளவில்லை. ‘கடல் அன்னையே, உன் பிள்ளைகளை நீயே விழுங்கலாமா?’ என்னும் கருத்தையே பலரும் திருப்பித் திருப்பிப் பாடினர். கடல் உள்வாங்கினால் ஓடு என்று பிள்ளைக்குச் சொல்லும் பாட்டு எத்தனை? இரங்கற்பா அழுதவரின் கண்ணைத் துடைக்கிறது. எச்சரிக்கைப் பாட்டு இன்னும் பிறவாதவரின் உயிரைக் காக்கிறது. முன்னதை மட்டுமே இலக்கியம் என்று போற்றிப் பரிசளிக்கும் சங்கங்கள், பின்னதை ‘பிரசாரம்’ என்று ஒதுக்கும் துணிவை எங்கிருந்து பெற்றன?

மறதிக்கு மலேசியத் தமிழர் கொடுத்த விலை ஏற்கெனவே பெரிது. 1942 அக்டோபர் தொடங்கி ஓராண்டுக் காலத்தில் சப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட்டனர். தோட்டங்களிலிருந்து தமிழர் ஆயிரமாயிரமாகக் கொண்டுசெல்லப்பட்டுப் பசியாலும் பேதியாலும் அடியாலும் மாண்டனர். காஞ்சனபுரி போர்க்கல்லறைத் தோட்டத்தில் நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்குத் தனித்தனிக் குழி, தனித்தனிக் கல். தமிழரில் மாண்டவர் எத்தனை பேர் என்பதிலேயே ஆய்வாளர் கணக்குகள் ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் நிற்கின்றன. எண்ணுவதற்குப் பட்டியல் வேண்டும். பட்டியலை எழுத எவரும் இல்லை. மீண்டு வந்தவர் தோட்டத்து லயத்தில் அமர்ந்து ‘எல்லாம் தலையெழுத்து’ என்றனர். கேட்டவரும் ஆமென்றனர். தலையெழுத்து என்று சொன்னதால் எழுதப்படாமல் போன எழுத்து அது. படிப்பறிவு மறுக்கப்பட்ட அந்தத் தலைமுறையைக் குறைசொல்ல எவருக்கும் தகுதியில்லை. ஆனால் படித்த தலைமுறை அதே சொல்லைச் சொல்லும்போது அதற்கு மன்னிப்பில்லை.

மீண்டும் வகுப்பறைக்கு வரலாம். வெள்ளத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், முப்பது பிள்ளைகளில் ஒரு பிள்ளையேனும் கண்டதை எழுதுவான். ‘எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கால்வாயில் பழைய மெத்தை கிடந்தது. அதனால் தண்ணீர் போகவில்லை. பக்கத்து வீட்டு ஐயா நகராண்மைக் கழகத்திற்கு இரண்டு முறை சொன்னார். யாரும் வரவில்லை’ என்று எழுதுவான். உவமை இல்லை, அணி இல்லை, மரபுத்தொடர் இல்லை. உண்மை இருக்கிறது. இந்தக் கட்டுரைக்குப் பெரும்பாலும் கிடைப்பது என்ன? ‘மெத்தை’ என்னும் சொல்லின் கீழ் ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில், ‘சொல்வளம் தேவை.’ இயற்கை அன்னையைச் சீறவைத்த அடுத்த பிள்ளைக்கு ஐந்து மதிப்பெண் மிகுதி. அன்றோடு முதற்பிள்ளையும் பாடம் கற்றுக்கொள்கிறான்: கண்டதை எழுதாதே, பிறர் சொன்னதை அழகாக எழுது. இருபது ஆண்டு கழித்து அவனே பொறியாளராகவோ நகராண்மைக் கழக அலுவலராகவோ மேசைக்குமுன் அமர்ந்து ஓர் ஒப்புதல் தாளில் கையொப்பமிடும்போது, அந்தப் பாடம் அவன் கையைப் பிடித்து நடத்தும்.

‘பாடத்திட்டம் இடங்கொடுக்கவில்லை’ என்னும் மறுமொழி அணியமாக இருக்கிறது. பாடத்திட்டத்தில் எங்கே எழுதியிருக்கிறது, மெத்தையைப் பற்றி எழுதக்கூடாதென்று? கருத்து விளக்கக் கட்டுரை, விவாதக் கட்டுரை என்றெல்லாம் பெயரிட்டுக் கற்பிப்பதன் நோக்கம் காரணமும் விளைவும் காணச் செய்வதன்றோ? கால்வாயில் கிடந்த மெத்தை காரணம். கூடத்தில் நின்ற முழங்கால் அளவு தண்ணீர் விளைவு. இதைவிட எளிய எடுத்துக்காட்டு எந்தப் பயிற்சி நூலில் கிடைக்கும்? ஆசிரியர் பயிற்சிக் கழகங்களில் மொழித்திறன், மொழியணி என்று மணிக்கணக்கில் பேசுகின்றனர். அணி எதன்மேல் அணியப்படுகிறது என்று எவரும் கேட்பதில்லை.

இதற்குப் பணம் வேண்டியதில்லை; அமைச்சின் சுற்றறிக்கையும் வேண்டியதில்லை. பருவமழை தொடங்குவதற்கு முன்பாகவே, பள்ளியைச் சுற்றி எந்தப் பக்கம் மேடு, எந்தப் பக்கம் பள்ளம் என்று மாணவரை நடந்து பார்த்து வரையச் சொல்லலாம். 1971இல் தண்ணீர் எதுவரை வந்தது, தோட்டமாக இருந்தபோது அந்த ஓடை எந்த வழியே ஓடியது, அதை எப்போது மூடினர் என்று வீட்டு முதியோரைக் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். பள்ளிக்குப் பின்புறம் ஓடும் வாய்க்காலுக்குப் பெயர் உண்டா என்று கேட்டால், பல பள்ளிகளில் மாணவருக்கும் தெரியாது; ஆசிரியருக்கும் தெரியாது. பாட்டிக்குத் தெரியும். அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.